புது தலைமைப் பொறுப்புக்கு வர்றவங்களுக்கு கோச்சிங்: எல்லாரும் கேக்குற கேள்விகள்

முதல்லயே சொல்லிடறேன், நான் கோச் இல்ல. பெரிய பொறுப்புக்கு வர்றவங்களுக்கு கோச் ஏற்பாடு பண்ணிக் கொடுக்குற எச்ஆர் வேலையில ரொம்ப வருஷம் இருந்தேன், அப்புறம் நானே ஒரு டிபார்ட்மென்ட்டுக்கு ஹெட் ஆனப்ப எனக்கும் ஒருத்தர போட்டாங்க, அதனால மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உக்காந்து பாத்தாச்சு. ஆள் மாறுனாலும் சந்தேகம் மட்டும் மாறவே மாட்டேங்குது. அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி, தெரிஞ்ச பதிலையும் கீழ வெச்சிருக்கேன்.

கோச்சிங்னா என்ன? ட்ரெய்னிங் மாதிரி க்ளாஸ் எடுப்பாங்களா?

இல்லங்க. ட்ரெய்னிங்ல பாடம் ஏற்கனவே ரெடியா இருக்கும், முப்பது பேர் உக்காந்தா முப்பது பேருக்கும் அதே பாடம்தான். கோச்சிங்ல நீங்களும் அவரும் மட்டும்தான், இந்த வாரம் உங்க வேலையில எது முள்ளா குத்துதோ அதுதான் பாடம். சிலபஸ் கிடையாது.

கோச்ங்குற வார்த்தைக்கே ஒரு கதை இருக்கு. ஹங்கேரியில கோச்ச்னு ஒரு கிராமம், அங்க செஞ்ச குதிரை வண்டிக்கு அந்த ஊர் பேரே நின்னுடுச்சு, அப்புறம் 1830கள்ல ஆக்ஸ்ஃபோர்ட் பசங்க பரீட்சைய தாண்ட வெக்குற ட்யூட்டர கிண்டலா அந்த வண்டி பேர்ல கூப்பிட ஆரம்பிச்சாங்க. ஒரே வித்தியாசம், அந்த ட்யூட்டருக்கு விடை தெரியும். உங்க கோச்சுக்கு தெரியாது, தெரிஞ்ச மாதிரி பேசினா சந்தேகப்படுங்க.

மென்டார், கன்சல்டன்ட், கவுன்சிலர், கோச்... எல்லாம் ஒண்ணுதானே, பேருதானே வேற?

ஒரே பிரச்சனைய நாலு பேர்கிட்டயும் கொண்டு போய் பாருங்க. உங்க டீம்ல வயசுல பெரியவர் ஒருத்தர், நீங்க சொல்றத தலையாட்டி கேட்டுட்டு எதையும் செய்ய மாட்டேங்குறார்னு வெச்சுக்கோங்க. மென்டார் "எனக்கும் இப்படி ஒருத்தர் இருந்தார், நான் என்ன பண்ணேன் தெரியுமா"ன்னு ஆரம்பிப்பார். கன்சல்டன்ட் உங்க டிபார்ட்மென்ட்ட அலசி, யார் யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும்னு படம் போட்டு கொடுத்துட்டு போவார். கவுன்சிலர் இதனால உங்களுக்கு ராத்திரி தூக்கம் போறத பத்தி பேசுவார். கோச் "அவர்கிட்ட கடைசியா தனியா எப்ப பேசினீங்க, என்ன வார்த்தை சொன்னீங்க?"ன்னு கேப்பார்.

நாலுமே தேவைப்படலாம், நாலையும் ஒரே ஆள்கிட்ட எதிர்பாக்கறதுதான் தப்பு. தூக்கமின்மை, படபடப்பு, காலையில எழுந்திருக்கவே பிடிக்கலங்குற அளவுக்கு போச்சுன்னா அது டாக்டர்கிட்டயோ மனநல ஆலோசகர்கிட்டயோ போக வேண்டிய விஷயம், நல்ல கோச்சா இருந்தா அவரே அத சொல்லிடுவார்.

எனக்கு மட்டும் கோச் போடுறாங்கன்னா நான் சரியில்லன்னு நினைக்கிறாங்களா?

கூகிள்ல எரிக் ஷ்மிட் 2001ல சிஇஓ ஆனப்ப போர்டுல இருந்த ஜான் டோர் "ஒரு கோச் வெச்சுக்கோ"ன்னு சொன்னாராம், ஷ்மிட்டுக்கும் இதே கோவம்தான் வந்துச்சு, நான் அனுபவம் உள்ள சிஇஓ, எனக்கு எதுக்கு கோச், ஏதாவது தப்பா போச்சான்னு. கடைசியில பில் கேம்பெல்ங்குறவர் கோச்சா வந்தார், பல வருஷம் கழிச்சு ஒரு பேட்டியில தனக்கு கிடைச்ச அறிவுரையிலேயே அதுதான் பெஸ்ட்னு ஷ்மிட்டே சொன்னார்.

ஆனா முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்க வேண்டாம், சில இடத்துல கோச்சிங்க கடைசி சான்ஸ் மாதிரியும் யூஸ் பண்றாங்க. நேரா கேட்டுடுங்க: "புதுசா இந்த லெவலுக்கு வர்ற எல்லாருக்கும் இது உண்டா, எனக்கு மட்டுமா?" பதிலோட சேத்து 'இன்ன இன்ன விஷயம் இத்தன மாசத்துல சரியாகணும்'னு ஒரு லெட்டரும் வந்தா அது எச்சரிக்கை, அதுக்கு கோச்சிங்னு பேர் வெச்சிருக்காங்க, அவ்ளோதான். அந்த நிலைமையில கோச் உதவலாம், ஆனா எதுக்கு உக்காந்திருக்கோம்னு தெரிஞ்சு உக்காருங்க.

இருபது வருஷ அனுபவம் இருக்கு. இதுக்கு மேல எனக்கு யார் என்ன சொல்லித் தரப் போறாங்க?

யாரும் சொல்லித் தரப் போறதில்ல, அதுதான் விஷயமே. இருபது வருஷமா எதுல கெட்டிக்காரரா இருந்தீங்களோ அது பழைய நாற்காலிக்கான கெட்டிக்காரத்தனம். நல்லா வேலை செஞ்சதால மேல வந்தீங்க, இப்ப நீங்களே செய்யக் கூடாது, மத்தவங்கள செய்ய வெக்கணும், கை பரபரன்னு இருக்கும். எதை விடணும்னு கண்டுபிடிக்கறது புதுசா ஒண்ண கத்துக்கறத விட கஷ்டம்னு நான் நினைக்கிறேன், என்னால இன்னும் சில விஷயத்த விட முடியல.

அத விட பெருசா ஒண்ணு நடக்கும், யாரும் முன்கூட்டி சொல்ல மாட்டாங்க. புது நாற்காலியில உக்காந்த அன்னிக்கே உங்கள சுத்தி உண்மை பேசுற ஆள் குறைய ஆரம்பிச்சுடுவாங்க. உங்க மொக்க ஜோக்குக்கு சத்தமா சிரிப்பாங்க. ப்ரசன்டேஷன் எல்லாம் பளபளன்னு இருக்கும், கெட்ட செய்தி மட்டும் ரெண்டு வாரம் லேட்டா வரும். அவங்க மேல தப்பில்ல, அவங்க இன்க்ரிமென்ட் உங்க கையெழுத்துல இருக்கு. கீழ இருக்கவங்க பயப்படறாங்க, சமமா இருக்கவங்க கணக்கு போடறாங்க, மேல இருக்கவருக்கு நேரமில்ல. உங்க கையெழுத்தால லாபமோ நஷ்டமோ இல்லாத ஒரு ஆள் மாசத்துக்கு ரெண்டு தடவை எதிர்ல உக்காந்து "நீங்க சொல்றது எனக்கு நம்பற மாதிரி இல்லையே"ன்னு சொல்லணும். என்னை கேட்டா கோச்சிங்குக்கு கொடுக்கற காசு பூராவும் இந்த ஒரு வரிக்குத்தான்.

எப்ப ஆரம்பிக்கணும்? செட்டில் ஆனப்புறம் பாத்துக்கலாமா?

வேலைய ஒத்துக்கிட்ட நாளுக்கும் முதல் நாளுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கும் பாருங்க, அதுதான் சரியான நேரம். அப்ப ஒண்ணு ரெண்டு செஷன் முடிஞ்சிருந்தா நல்லது, ஏன்னா முதல் வாரம் நீங்க விளையாட்டா சொன்ன ஒரு வார்த்தைய ஒரு வருஷம் கழிச்சும் "அன்னிக்கே சொன்னீங்களே"ன்னு திருப்பி சொல்வாங்க. செட்டில் ஆனப்புறம்னு தள்ளினா உங்க பழக்கமும் செட்டில் ஆகியிருக்கும், உங்கள பத்தின அவங்க அபிப்பிராயமும் செட்டில் ஆகியிருக்கும். நாலு மாசம் ஓடிப் போச்சேன்னா அப்பவும் ஆரம்பிக்கலாம், வேலை மட்டும் மாறிடும், அடித்தளம் போடறதுக்கு பதிலா ரிப்பேர்.

எத்தனை செஷன், எவ்ளோ நேரம்?

பொதுவா ஆறு மாசம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரத்துலேந்து ஒன்றரை மணி நேரம். முதல் மாசம் வாராவாரம் வெச்சுக்கறவங்களும் இருக்காங்க. நடுவுல ஒரு முக்கியமான மீட்டிங்குக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஃபோன்ல பேச முடியுமான்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க, பல நேரம் அந்த பத்து நிமிஷம்தான் கை கொடுக்கும். முடியற தேதி இல்லாம ஆரம்பிக்காதீங்க.

90 நாள் ப்ளான், 100 நாள் ப்ளான்னு எல்லாரும் சொல்றாங்க. அதுக்குள்ள எதையாவது சாதிச்சுக் காட்டணுமா?

அந்த 100 நாள் எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா கொஞ்சம் நிம்மதியா இருக்கும். 1933ல ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் அமெரிக்க ஜனாதிபதியா வந்தப்ப மார்ச்லேந்து ஜூன் வரைக்கும் நடந்த காங்கிரஸ் கூட்டத்துல, அதாவது அவங்க நாடாளுமன்றக் கூட்டத்துல, 15 பெரிய சட்டம் பாஸ் ஆச்சு, அந்த ஜூலையில ரேடியோவுல பேசும்போது திரும்பிப் பாத்து அந்த 100 நாள்னு அவர் சொன்னார். கூட்டம் நடந்த நாள் கணக்க பின்னாடி சொன்னது அது. அதோட அப்ப பேங்குகள் சரிஞ்சுக்கிட்டிருந்துச்சு, வீடு எரியும்போது தண்ணி ஊத்தறவன யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. உங்க ஆபீஸ் எரியுதா? இல்லன்னா ரூஸ்வெல்ட் வேகம் வேண்டாம்.

என் கதைய சொல்றேன். ஹெட் ஆன ரெண்டாவது வாரமே ஒரு வாராந்திர ரிப்போர்ட்ட நிறுத்திட்டேன், இருபது பக்கம், யாரும் படிக்கலன்னு எனக்கு பட்டுச்சு, டீமுக்கும் சந்தோஷம். மூணு வாரம் கழிச்சு பக்கத்து டிபார்ட்மென்ட்லேந்து சண்டைக்கு வந்தாங்க, அதுல பதினாலாவது பக்கத்துல இருந்த ஒரே ஒரு டேபிள வெச்சுத்தான் அவங்க மாசக் கடைசி கணக்கையே போட்டுக்கிட்டு இருந்தாங்களாம். கோச் திட்டல. "நிறுத்தறதுக்கு முன்னாடி யார்கிட்ட கேட்டீங்க?"ன்னு மட்டும் கேட்டார். யார்கிட்டயும் இல்ல.

அதனால முதல் மூணு மாசத்துல கோச்சோட உக்காந்து ரெண்டு விஷயத்த தெளிவு பண்ணுங்க போதும். ஒண்ணு, உங்க பாஸ் எதை வெற்றின்னு நினைக்கிறார், எதை அவருக்கு உடனே சொல்லணும், எதை நீங்களே முடிவு பண்ணலாம், இத அவர் வாயாலயே கேட்டு வாங்கறது. இன்னொண்ணு, சீக்கிரம் ஒரு சின்ன வெற்றி வேணும்னா அது உங்களுக்கு எரிச்சல் தர்ற விஷயமா இருக்கக் கூடாது, டீமுக்கு ரொம்ப நாளா எரிச்சல் தர்ற விஷயமா இருக்கணும். அப்ரூவல் நாலு நாள் ஆகுதா, ஒரு நாள் ஆக்குங்க. கை தட்டல் தானா வரும்.

செஷன்ல உண்மையில என்னதான் பேசுவாங்க?

நீங்க ஒரு விஷயத்தோட போவீங்க. முதல் பத்து நிமிஷம் கொட்டுவீங்க. அப்புறம் அவர் மெதுவா, இதுல உங்களுக்கு என்ன வேணும், இப்ப நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கு, இதுல எதை எப்ப செய்யப் போறீங்கன்னு நகர்த்துவார். குரோ மாடல்னு இதுக்கு பேரே இருக்கு, நல்ல கோச் அத வெளிய தெரியாம பண்ணுவார், புதுசா கத்துக்கிட்டவர் படிக்கட்டு எண்ணி ஏறுற மாதிரி பண்ணுவார்.

எனக்கு ரொம்ப உதவினது ஒத்திகை. நாளைக்கு ஒருத்தர்கிட்ட கஷ்டமான விஷயம் சொல்லணும்னா இன்னிக்கு கோச்ச அந்த ஆளா உக்கார வெச்சு சொல்லிப் பாக்கறது. மனசுக்குள்ள நியாயமா இருந்த வாக்கியம் வாய்விட்டு சொல்லும்போது எவ்ளோ நாராசமா இருக்குன்னு அப்பதான் தெரியும்.

கோச் கேள்வியா கேட்டுட்டே இருக்கார், ஒரு பதிலும் சொல்ல மாட்டேங்குறார், கடுப்பாகுது

அத அவர்கிட்டயே சொல்லுங்க. "உங்க பார்வையில என்ன தோணுது"ன்னு கேட்டா பெரும்பாலும் சொல்வாங்க, ஆனா அவருக்கு உங்க பக்கத்து கதை மட்டும்தான் தெரியும், எதிர்ல இருக்கறவர அவர் பாத்ததே இல்ல, அதனாலதான் தீர்ப்பு சொல்ல தயங்குறார். ரெண்டு மூணு செஷன் போயும் வெறும் "அது உங்களுக்கு எப்படி இருந்துச்சு"லேயே ஓடுதுன்னா ஆள மாத்திடுங்க. கேள்வி சரியான இடத்துல குத்தறதாலயும் கடுப்பு வரும், அது வேற கடுப்பு, உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

நான் பேசறது எல்லாம் எச்ஆருக்கும் பாஸுக்கும் போயிடுமா?

இந்த ஒரு கேள்விக்கு பதில் எழுத்துல இல்லாம முதல் செஷனுக்கே போகாதீங்க. சரியான முறை என்னன்னா ஆரம்பத்துல நீங்க, கோச், உங்க பாஸ் அல்லது எச்ஆர், மூணு பேரும் ஒண்ணா உக்காந்து எது வெளிய போகும், எது போகாதுன்னு பேசி ஒரு பக்கத்துல எழுதிக்கறது. வழக்கமா வெளிய போறது: செஷன் நடந்துச்சா இல்லையா, எந்த இலக்குக்காக நடக்குது. முன்னேற்றம் என்னன்னு நடுவுலயும் கடைசியிலயும் ஒரு மூணு பேர் மீட்டிங் வெச்சு, அதுல நீங்களே உங்க வாயால சொல்றது. செஷனுக்குள்ள பேசினது போகாது.

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, நான் எச்ஆர்ல இருந்தப்ப இத எழுதி வாங்காம விட்டேன். புதுசா வந்த ஒருத்தருக்கு கோச் போட்டோம், நல்லா போய்க்கிட்டிருந்துச்சு, ஒரு நாள் பெரிய அதிகாரி ஒருத்தர் லிஃப்ட்ல கோச்ச பாத்து "எப்படி இருக்கார் நம்ம ஆளு"ன்னு சாதாரணமா கேட்டிருக்கார், கோச்சும் சாதாரணமா "கொஞ்சம் தனியா ஃபீல் பண்றார்"னு சொல்லிட்டார். ஒரே வாரத்துல அது 'அவரால சமாளிக்க முடியல'ன்னு மாறி அவர் காதுக்கே வந்துடுச்சு. மிச்சம் இருந்த செஷனுக்கு எல்லாம் டைமுக்கு வந்தார், மரியாதையா பேசினார், ஒண்ணுமே சொல்லல. நாங்க காச கட்டிக்கிட்டே இருந்தோம். தப்பு கோச்சோடது பாதி, என்னோடது பாதி.

விதிவிலக்கும் உண்டு. யார் உயிருக்காவது ஆபத்து, சட்டத்துக்கு விரோதமா ஏதோ நடக்குதுன்னா கோச் வாய மூடிட்டு இருக்க முடியாது. வக்கீல்கிட்ட பேசறதுக்கு இருக்குற சட்டப் பாதுகாப்பு கோச்கிட்ட பேசறதுக்கு இருக்கும்னு நினைக்காதீங்க. இன்னொரு சின்ன விஷயம், ஆபீஸ் லேப்டாப்ல, ஆபீஸ் வீடியோ கால்ல, ரெக்கார்டிங் ஆன்ல வெச்சுக்கிட்டு ரகசியம் பேசாதீங்க.

காசு கொடுக்கறது கம்பெனி. அப்ப கோச் யாரோட ஆளு?

காசு கட்டறவங்க ஸ்பான்சர், எதிர்ல உக்காந்து பேசற நீங்க க்ளையன்ட், ரெண்டு பேருக்கும் கோச் கடமைப்பட்டவர்னு வெச்சுதான் இந்தத் தொழிலோட நெறிமுறையே இருக்கு. முக்காவாசி நேரம் ரெண்டு பேருக்கும் ஒரே விஷயம்தான் வேணும், நீங்க அந்த சீட்ல நல்லா வரணும். சிக்கல் எப்ப வரும்னா உங்களுக்கு 'இந்த வேலையே வேணாம்'னு தோணும்போது. கம்பெனி காசுல கம்பெனிய விட்டு போறத பத்தி பேசலாமா? முன்னாடி சொன்ன அந்த ஒரு பக்கத்துல இதையும் எழுதிக்கோங்க. நிஜமாவே போறதுன்னு முடிவு பண்ணி எங்க போகலாம்னு யோசிக்கற கட்டம்னா சொந்தக் காசுல வேற கோச்ச பாருங்க, அதுதான் ரெண்டு பக்கத்துக்கும் நியாயம்.

நல்ல கோச்ச எப்படி கண்டுபிடிக்கறது? சர்டிபிகேட் பாக்கணுமா?

பாருங்க, ஆனா அத மட்டும் பாக்காதீங்க. டாக்டர், வக்கீலுக்கு இருக்க மாதிரி கோச்சுக்கு பெரும்பாலான நாடுகள்ல லைசென்ஸ் கிடையாது, யார் வேணா நாளைக்கு காலையில கார்டு அடிச்சுக்கலாம். அதனால 1995ல ஆரம்பிச்ச இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் மாதிரி அமைப்புகள் தர்ற தகுதிய ஒரு வடிகட்டியா வெச்சுக்கலாம். அவங்ககிட்ட முதல் படியான ஏசிசி வாங்க குறைஞ்சது 100 மணி நேரம் கோச் பண்ணியிருக்கணும், அடுத்த படி பிசிசிக்கு 500, உச்சிப் படி எம்சிசிக்கு 2500. ஏசிசியும் எம்சிசியும் காதுக்கு ஒண்ணு போல கேட்டாலும் நடுவுல இவ்ளோ தூரம் இருக்கு.

அப்புறம் ரெண்டு மூணு பேர நேர்ல பேசிப் பாருங்க, கெமிஸ்ட்ரி மீட்டிங்னு சொல்வாங்க, பெரும்பாலும் அதுக்கு காசு வாங்க மாட்டாங்க. "நீங்க கோச் பண்ணி சரியா வராம போன ஒரு கேஸ் சொல்லுங்க, பேர் வேணாம்"னு கேளுங்க. எல்லாமே சக்சஸ்னு சொல்றவர விட்டுடுங்க. பேரோட சொல்றவர அத விட வேகமா விட்டுடுங்க. அந்த முக்கா மணி நேரத்துல யார் அதிகமா பேசினாங்கன்னு கவனிங்க, அவர்னா உங்களுக்கு கிடைக்கப் போறது லெக்சர்.

என் இண்டஸ்ட்ரியே தெரியாதவரால என்ன பிரயோஜனம்?

பில் கேம்பெல் பத்தி மேல சொன்னேன்ல, அவர் இன்ஜினியரே இல்ல, கொலம்பியா யுனிவர்சிட்டியில ஃபுட்பால் டீமுக்கு கோச்சா இருந்தவர். ஆனா அதுக்கப்புறம் இன்டியூட் கம்பெனிக்கு சிஇஓவாவும் இருந்தார், அத மறந்துடக் கூடாது. இண்டஸ்ட்ரி தெரியாட்டி பரவாயில்ல, பெரிய நாற்காலியோட கனம் தெரியணும். ரொம்ப தெரிஞ்சவரா இருந்தா அவர் மென்டாரா மாறிடுவார், அதுவும் ஒரு தொல்லை.

நேத்து வரைக்கும் கூட உக்காந்தவங்களுக்கு இன்னிக்கு நான் பாஸ். அதுல ஒருத்தர் இதே சீட்டுக்கு போட்டி போட்டவர். இதுல கோச் என்ன பண்ண முடியும்?

எனக்கு வந்த கேள்விலயே கஷ்டமானது இதுதான், ஏன்னா இதுல பாதி வேலை விஷயம், பாதி மனசு விஷயம். கோச் முதல்ல கேக்கறது பெரும்பாலும் "அவர்கிட்ட பேசிட்டீங்களா?"ன்னுதான் இருக்கும். நிறைய பேர் பேசியிருக்க மாட்டாங்க. நாளாக நாளாக அந்த மௌனமே ஒரு ஆள் மாதிரி ரூம்ல உக்காந்துக்கும். முதல் வாரத்துலயே, தனியா, அவரோட இடத்துக்கே போய் பேசறது நல்லது. "நீங்களும் இதுக்கு முயற்சி பண்ணீங்கன்னு எனக்கு தெரியும், உங்க இடத்துல நான் இருந்தா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும், உங்களுக்கு இங்க என்ன வேணும்னு எனக்கு தெரியணும்"ங்குற அளவு போதும். சமாதானமா ப்ரமோஷன் வாக்குறுதி எதுவும் கொடுத்துடாதீங்க, அது உங்க கையில இல்ல. இதத்தான் ஒத்திகை பாக்கணும்னு சொன்னேன்.

மத்த நண்பர்கள் விஷயம் வேற மாதிரி வலிக்கும். பழைய வாட்ஸ்அப் க்ரூப்ல பாஸ கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தீங்க, இப்ப அந்த பாஸே நீங்கதான். க்ரூப்ப விட்டு சொல்லிட்டு வெளிய வந்துடுங்க. அவங்க எப்படியும் நீங்க இல்லாம புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருப்பாங்க. அத தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு எனக்கு கொஞ்சம் வலிச்சது உண்மை, அத சொல்றதுக்கும் கோச் ஒருத்தர்தான் இருந்தார்.

நான் வெளியிலேந்து வந்திருக்கேன். எனக்கு யாரையும் தெரியாது

உங்களுக்கு முதல் வீட்டுப்பாடம், 'எங்க பழைய கம்பெனியில'ன்னு ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றீங்கன்னு எண்ணுங்க. யாருக்கு யார் பாஸ்னு காட்டுற படத்துல இல்லாத அதிகாரம் எங்க இருக்குன்னு தேடறதுதான் கோச்சோட செய்ய வேண்டிய அடுத்த வேலை. யார் தலையாட்டினா மத்தவங்க தலையாட்டறாங்க, எந்த முடிவு மீட்டிங்குக்கு முன்னாடியே முடிஞ்சுடுது, இதெல்லாம்.

உபயோகமான ஒரு முறை இருக்கு. நீங்க ரூமுக்கு வெளிய, உங்க டீம் உள்ள, கோச்சோ வேற நடுநிலையான ஆளோ அவங்ககிட்ட பேசி "புது தலைவர பத்தி என்ன கேள்விப்பட்டீங்க, என்ன பயம், என்ன தெரியணும்"னு பேர் இல்லாம எழுதி எடுப்பார், அப்புறம் நீங்க உள்ள வந்து ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லணும். ஆறு மாசத்துல கசிஞ்சு வர வேண்டியது ஒரே மதியத்துல வந்துடும். 'இத யார் கேட்டது'ன்னு மட்டும் முகத்த பாக்காதீங்க.

எனக்கு கோச் இருக்காருன்னு டீம்ல சொல்லலாமா? வீக்குன்னு நினைப்பாங்களே

மறைச்சு வெச்சா தெரியவரும்போதுதான் வீக்கா தெரியும். மார்ஷல் கோல்ட்ஸ்மித்னு பேர் போன கோச் ஒருத்தர், அவரோட முறையே க்ளையன்ட் தான் எதை மாத்திக்கப் பாக்குறேன்னு சுத்தி இருக்கறவங்ககிட்ட வெளிப்படையா சொல்லணும்ங்குறதுதான். மாற்றம் வந்துச்சுன்னு அந்த சுத்தி இருக்கறவங்க சொன்னாதான் ஃபீஸே வாங்குவார். அவ்ளோ தூரம் போகாட்டியும் "மீட்டிங்ல குறுக்க பேசற பழக்கத்த குறைக்கப் பாக்குறேன், பேசினா கை காட்டுங்க"ன்னு ஒரு விஷயம் மட்டும் சொல்லிப் பாருங்க. முதல் ஆள் கை காட்டறதுக்கு ஒரு மாசம் ஆகும். காட்டினப்ப சிரிங்க.

வந்த மாசமே 360 ஃபீட்பேக் எடுக்கணும்ங்குறாங்க. சரியா?

360ன்னா உங்க மேல, கீழ, பக்கத்துல இருக்கறவங்க எல்லார்கிட்டயும் உங்கள பத்தி கருத்து கேக்கறது. வந்த மாசமேங்குறத எனக்கு ஒத்துக்க முடியல. முதல் மாசத்துல அவங்களுக்கு உங்கள தெரியாது, கேட்டா முன்னாடி இருந்தவர மனசுல வெச்சுக்கிட்டு மார்க் போடுவாங்க. ஆரம்பத்துல கோச் நாலஞ்சு பேர்கிட்ட 'இந்த சீட்ல இருக்கறவர்கிட்ட என்ன எதிர்பாக்குறீங்க'ன்னு பேட்டி எடுக்கலாம், உங்கள பத்தின ஃபீட்பேக்க நாலாவது மாசத்துக்கு மேல வெச்சுக்கோங்க. அப்பவும் பேர் இல்லாத ஃபீட்பேக்னு நம்பி ஏமாறாதீங்க, நாலு பேர் இருக்குற டீம்ல வார்த்தைய வெச்சே யார்னு கண்டுபிடிச்சுடலாம், கண்டுபிடிக்கப் பாக்காம இருக்கறதுதான் உங்க பரீட்சை.

என் பாஸுக்கும் அதே கோச்தான். பிரச்சனையா?

ஆமா. அவர் எவ்ளோ நேர்மையானவரா இருந்தாலும் உங்க பாஸ் உங்கள பத்தி சொன்னது அவர் தலைக்குள்ள இருக்கும், நீங்க பாஸ பத்தி சொன்னதும் இருக்கும். ஒண்ண கேட்டுட்டு இன்னொண்ணுல கேக்காத மாதிரி உக்கார்றது மனுஷனால ரொம்ப நேரம் முடியாது. வேற ஆள் கேளுங்க. "அவர நம்பலையா"ன்னு கேட்டா, அவர நம்பறேன், என் நாக்கத்தான் நம்பல, தயங்கித் தயங்கி பேசுவேன், காசு வேஸ்ட்னு சொல்லுங்க.

கோச் ஒண்ணு சொல்றார், பாஸ் வேற சொல்றார். யார கேக்கறது?

பாஸ. உங்க முடிவுக்கு கணக்கு கேக்கறவர் அவர்தான், கோச் இல்ல. 'கோச் சொன்னார்'ங்குற வார்த்தைய எந்த மீட்டிங்லயும் கேடயமா தூக்கிடாதீங்க, அன்னிலேந்து உங்க முடிவு எல்லாமே அவரோடதுன்னு பேச ஆரம்பிச்சுடுவாங்க. பாஸ் சொல்றது தப்புன்னு தோணுனா அத எப்படி அவர்கிட்ட சொல்றதுங்குறதுதான் கோச்சோட பேச வேண்டிய விஷயம்.

இதெல்லாம் ஏஐகிட்டயே கேட்டுக்கலாமே, எதுக்கு ஆளு?

ஒத்திகைக்கும், ஒரு கஷ்டமான மெயில எப்படி எழுதறதுன்னு பாக்கறதுக்கும் ஏஐ தாராளமா உதவும், ராத்திரி ரெண்டு மணிக்கும் பதில் சொல்லும். ஆனா நீங்க டைப் பண்ணத மட்டும்தான் அது பாக்கும், நீங்க டைப் பண்றதோ உங்களுக்கு நியாயமா தெரியற கதை, அதுக்கு அது பெரும்பாலும் தலையாட்டும். தலையாட்ட ஏற்கனவே உங்க டீமே இருக்கு. ஒரு பேர சொல்லும்போது உங்க குரல் மாறுனத கவனிச்சு நிறுத்தறதுக்கும், போன தடவை செய்யறேன்னு சொன்னத ஏன் செய்யலன்னு கண்ண பாத்து கேக்கறதுக்கும் எனக்கு ஆள்தான் வேணும். கம்பெனி விவகாரம், ஆட்களோட பேர் இதையெல்லாம் எந்த ஆப்லயும் போடறதுக்கு முன்னாடி உங்க ஆபீஸ் விதிய பாத்துக்கோங்க.

பிரயோஜனம் இருந்துச்சுன்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

செஷன் முடிஞ்சு மனசு லேசா இருக்குங்குறத வெச்சு முடிவு பண்ணாதீங்க, நல்லா தூங்கினாலும் மனசு லேசாகும். மூணாவது மாசம் உக்காந்து பாருங்க, கெட்ட செய்தி முன்ன விட சீக்கிரமா வருதா? உங்க டேபிளுக்கு வர்ற முடிவுகள் குறைஞ்சு, டீமே எடுக்கறது கூடியிருக்கா? போன மாசம் யாராவது உங்க முகத்துக்கு நேரா "இது வேணாம்"னு சொன்னாங்களா? மூணுக்கும் இல்லன்னா கோச்சோட அதையே அடுத்த செஷனுக்கு பேச்சா வைங்க.

ஆறு மாசம் முடியுது, ஆனா அவர்கிட்ட கேக்காம ஒரு முடிவும் எடுக்க முடியல. இன்னும் ஆறு மாசம் நீட்டிக்கலாமா?

இப்படி ஆயிடுச்சுன்னா நீட்டிக்கக் கூடாத நேரம் இதுதான், அந்த கோச்சே அத சொல்லியிருக்கணும், சொல்லாம இன்வாய்ஸ் அனுப்பினார்னா அதுவும் ஒரு தகவல்தான். புதுசா ஒரு காரணம் இருந்தா, பொறுப்பு மாறுது, ரெண்டு டிபார்ட்மென்ட் ஒண்ணா சேருதுன்னா, புது இலக்கு எழுதி புதுசா ஆரம்பிக்கலாம், அது வேற.

இல்லன்னா கடைசி ரெண்டு செஷனுக்கு நடுவுல ஒரு மாசம் இடைவெளி விடுங்க. அந்த ஒரு மாசத்துல அவர்கிட்ட கேக்கணும்னு தோணின ஒவ்வொண்ணையும் ஒரு நோட்டுல எழுதி, பக்கத்துல நீங்களா என்ன பண்ணீங்கன்னும், உள்ளுக்குள்ளயே யார்கிட்ட கேட்டீங்கன்னும் எழுதுங்க. நான் எழுதினதுல பதினோரு விஷயம் இருந்துச்சு, கடைசி செஷன்ல எடுத்து வெச்சப்ப அதுல ரெண்டு மட்டும்தான் பேசறதுக்கு மிச்சம் இருந்துச்சு, பாக்கி நேரத்துல அவரோட முழங்கால் வலிய பத்தி பேசிட்டு கிளம்பிட்டோம்.